பத்தியம் கேட்டு வருகிறவர்கள்

ஊரில் யாருக்கு என்ன வியாதி என்பது டாக்டருக்கு அடுத்தபடியாகத் தெரிவது சாப்பாட்டுக் கடைக்காரருக்குத்தான். தினமும் பூரி கிழங்கு கேட்கிறவர் ஒரு காலையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், "ரெண்டு இட்லி, சட்னி வேணாம், சாம்பார் மட்டும்" என்று சொன்னால், முந்தின நாள் ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். நாங்களும் ஒன்றும் கேட்கமாட்டோம். சாம்பாரை மட்டும் கொஞ்சம் தாராளமாக ஊற்றுவோம்.

அரியலூரில் பெரம்பலூர் போகிற ரோட்டில் எங்கள் மெஸ். அடுப்படி என் பொறுப்பு. தோசைக்கல்லும் புரோட்டாக்கல்லும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. பரிமாறுவது கனகம். ஆரம்பத்தில் எல்லாக் கடையும் போல இட்லி, புரோட்டா, மத்தியானம் சாப்பாடு என்றுதான் இருந்தோம். அப்புறம் ஆளாளுக்குக் கேட்கக் கேட்க கம்பு தோசை, கேழ்வரகு இடியாப்பம், வரகுச் சோறு, எண்ணெய் போடாத குழம்பு என்று நீண்டுகொண்டே போய்விட்டது.

வீட்டில் சமைத்துப் போடுகிறவர்களே, கடையில் சமைத்துப் போடுகிறவர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்குச் சர்க்கரை ஆகாது, இன்னொருவருக்கு நேற்று போனில் யாரோ சொன்ன எதுவுமே ஆகாது. எல்லாருக்கும் ஒரே அடுப்பில் வேக வேண்டும். இதில் எத்தனையோ முறை நான் பயந்திருக்கிறேன். நல்லவேளை, பயந்தபடி ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வரகுக்கு வந்த எதிர்ப்பு

தா.பழூர் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகனும் வந்தார்கள். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா சின்னதுரை, கொத்தனார். அன்றைக்குத்தான் டவுனில் டாக்டரைப் பார்த்து, அவருக்குச் சுகர் என்று தெரிந்திருக்கிறது. மகன் உட்காரும்போதே கனகத்திடம் கண்டிப்பாகச் சொன்னான்: "எங்கப்பாவுக்கு வரகுச் சோறு வைங்கக்கா. இனிமே அவருக்கு நெல்லுச்சோறே கெடையாது." கனகம் வைத்தாள். அவர் இலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் இலையை இரண்டு கையாலும் மெதுவாக முன்னால் தள்ளிவிட்டார். "வரகுப்பா. சுகருக்கு நல்லது" என்றான் மகன். "வரகு எப்படி இருக்கும்னு எனக்கா சொல்லித் தர்ற?" என்றார் அவர். சத்தம் போடவில்லை. ஆனால் கடையே திரும்பிப் பார்த்தது. "எங்கப்பனும் ஆத்தாளும் அடுத்தவன் வயல்ல நட்டாங்க, அறுத்தாங்க. பகலெல்லாம் நெல்லு அறுத்துட்டு வந்து, வூட்டுல வரகுதான் கிண்டுனாங்க. பொங்கலுக்கும் தீவாளிக்கும்தான் நெல்லுச்சோறு. நான் கொத்து வேலைக்குப் போயி, என் வூட்டு ஒலையில தெனமும் நெல்லரிசி கொதிச்சப்பதான்டா நானும் ஒரு மனுசன்னு நெனச்சேன். இப்ப என்னையத் திரும்பவும் அங்கயே போவச் சொல்றியா?"

மகன் முகம் கறுத்துவிட்டது. "இதெல்லாம் நீ சொன்னதே இல்லையேப்பா" என்றான். "சொல்ற மாதிரி விசயமா அது?" என்றார். நான் அடுப்படியிலிருந்து வந்து, டாக்டர் சரியாக என்னதான் சொன்னார் என்று மகனிடம் கேட்டேன். அவன் தயங்கி, "சோத்தோட அளவைக் கொறைக்கச் சொன்னாருக்கா. வரகு நான் போன்ல பாத்தது" என்றான். இது போதாதா! புது இலை போட்டு, கீரை மசியலும் அவரைக்காய்ப் பொரியலும் நிறைய வைத்து, நடுவில் கை அகலத்துக்குப் பொன்னி அரிசிச் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினேன். தள்ளிவைத்த வரகை மகன் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். பெரியவர் அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தன் சோற்றைப் பிசைந்தார். கை கழுவிவிட்டு வந்தவர் என்னிடம் சொன்னார்: "கொறைச்சே திங்கிறேம்மா. ஆனா திங்கிறது வெள்ளையா இருக்கணும்."

சொந்த எண்ணெய்

காலையில் நடைப்பயிற்சி முடித்துவிட்டு வருகிற ஒரு கூட்டம் எங்களுக்கு உண்டு. எல்லாரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அதில் ஒருவர், முன்னாள் தாசில்தார், ஒருநாள் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயாம். "என் தோசைக்கு மட்டும் இதை ஊத்துங்க" என்றார். மறுநாள் இன்னொருவர் கடலை எண்ணெயோடு வந்தார். அதற்கடுத்து ஒருவர் இந்துப்பு, ஒருவர் டீக்கு நாட்டுச்சர்க்கரை. கல்லுக்குப் பக்கத்து அலமாரி மருந்துக்கடை மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஆவி பட்டுப் பெயரெல்லாம் உரிந்துவிட்டது.

நடக்க வேண்டியது நடந்தது. ஒரு காலை, கூட்ட நேரத்தில், தாசில்தாருடைய நல்லெண்ணெய் கடலெண்ணெய்க்காரர் தோசையில் போய்விட்டது. என் வீட்டுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். கடலெண்ணெய்க்காரர் ஒரு வாய் போட்டார், கண்ணை மூடினார், பக்கத்தில் இருந்த தாசில்தாரிடம், "பாத்தீங்களா சார், நம்ம கடலெண்ணெய் வாசமே தனி" என்றார். என் வீட்டுக்காரர் மூச்சு விட்டார். கூட்டம் கலைந்த பிறகு, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நாளைக்கி மாவும் கல்லும் அவங்களே கொண்டாந்துட்டாங்கன்னா, நான் அந்தப் பக்கமா உக்காந்து நிம்மதியா ரெண்டு புரோட்டா திம்பேன்."

சீனித்தண்ணி

ராஜாங்கம் லாரி டிரைவர். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு எங்கள் ரோடு வழியாகத்தான் போவார். வாட்டசாட்டமான ஆள். குடி, பீடி எதுவும் கிடையாது. போன வருஷம் சுகர் என்று தெரிந்ததும் புரோட்டாவை விட்டார், மாத்திரை ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரோ ஒருத்தர் போனில், ராத்திரி சாப்பிட்டால் மறுநாள் சாயங்காலம் வரை பட்டினி கிடக்க வேண்டும், சுகர் ஓடிவிடும் என்று பேசியதைக் கேட்டிருக்கிறார். பட்டினியைச் சேர்த்துக்கொண்டார். மாத்திரையை விடவில்லை.

ஒரு முற்பகல், லோடு லாரியை ரோட்டோரத்தில் கோணலாக நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தார், கை ஆடிப் பாதி மேசையில் கொட்டியது. ஏதோ சொன்னார், வார்த்தை வழுக்கிக்கொண்டு போனது. கனகம் என் காதில், "தண்ணி போட்டுட்டு வந்திருக்காருக்கா" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மாமியாருக்குச் சர்க்கரை இறங்கும்போது இப்படித்தான் வேர்க்கும். "அண்ணே, காலையில என்ன சாப்ட்டீங்க?" என்றேன். "மாத்திர" என்றார். "சாப்பாடு?" "வெரதம்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு டம்ளர் தண்ணீரில் சீனியை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு ஓடினேன். அந்த நிலைமையிலும் அவர் கண்டுபிடித்துவிட்டார். "சீனியா? ஐயோ, வேணாம்மா. டாக்டர் திட்டுவாரு" என்று வாயை மூடிக்கொண்டார். "டாக்டர்கிட்ட நான் பேசிக்கறேன், இப்ப குடிக்கிறீங்களா இல்லையா?" என்று நான் போட்ட சத்தத்தில், அடுத்த மேசையில் இருந்தவர் பயந்துபோய்த் தன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டார். என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொள்ள, மடக்கு மடக்காக உள்ளே போயிற்று.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. "ஏங்க எல்லாரும் என்னையவே பாக்குறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு ரோடு ஞாபகம் வந்தது. வெளியே நிற்கிற லாரியைப் பார்த்தேன். எங்கள் கடையைத் தாண்டினால் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற பள்ளிக்கூட வாசல். அவர் மட்டும் இங்கே நிறுத்தாமல் போயிருந்தால்? நான்கு இட்லி சாப்பிட வைத்து, என் வீட்டுக்காரர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக்கூடாது, விரதம் இருக்க வேண்டுமென்றால் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும் என்று டாக்டர் நன்றாகத் திட்டி அனுப்பியிருக்கிறார். லாரியை எடுத்துப் போக வேறு டிரைவர் வந்தார். அடுத்த வாரம் ராஜாங்கம் காலை நேரத்தில் வந்து, ஒழுங்காக இலை போட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து இலையை மடித்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அன்னிக்கிக் குடிச்ச சீனித்தண்ணிய மருந்துல சேக்கறதா, தப்புல சேக்கறதா?"

புரட்டாசி வைத்தியம்

சிமெண்ட் ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் ஞானசேகரனுக்குக் கொழுப்பு அதிகம், ஆட்டுக்கறியை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நிறுத்திவிட்டார். எங்கள் கடையில் நிறுத்தவில்லை. அவர் மனைவி வசந்தா எனக்கு வாரம் ஒருமுறை போன் செய்து, "அக்கா, இன்னிக்கி வந்தாரா?" என்பாள். நான் பொய் சொல்ல முடியாமல், "வந்தாருன்னு வச்சுக்கயேன்" என்பேன்.

புரட்டாசி பிறந்தது. ஆளே மாறிவிட்டார். கறி இல்லை, முட்டை இல்லை, முட்டை போட்டிருக்குமோ என்று கேக்கைக்கூடத் தொடவில்லை. சனிக்கிழமை தவறாமல் கல்லங்குறிச்சிக்கு நடந்தே போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து, எங்களிடம் தயிர்சாதம் சாப்பிட்டார். மாதக் கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தால், கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. வசந்தா அழுதேவிட்டாள், சந்தோஷத்தில். ஐப்பசி முதல் தேதி மத்தியானம், அவர் எங்கள் கடை மூலை மேசையில் மட்டன் சுக்காவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே வசந்தா வந்து நின்றாள். சுக்காத் தட்டைப் பார்த்தாள். என்னிடம் திரும்பி, "ஐப்பசிக்கு ஏதாச்சும் சாமி இருந்தா சொல்லுக்கா" என்றாள். கனகம் விரல் விட்டாள்: "ஐப்பசியில சஷ்டி இருக்கு. கார்த்திகைக்கு மாலை போட்டுறலாம். மார்கழி எப்படியும் பெருமாள் மாசம். தையில பூசம். மாசியில சிவராத்திரி, பங்குனியில உத்திரம்." வசந்தாவின் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. ஞானசேகரன் கையில் எடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, பரிதாபமாகச் சொன்னார்: "சரி, பங்குனியோட நிறுத்திக்கங்க. சித்திரையில எங்க கொலசாமிக்குக் கெடா வெட்டு இருக்கு."

முட்டையும் மோரும்

சங்கீதா குன்னம் பக்கத்துப் பெண். அரியலூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். காலையில் மைதானத்தில் ஓடிவிட்டுத் தோழிகளோடு எங்கள் கடைக்கு வருவாள். டீ மட்டும். "வயிறு கனத்தா ஓட முடியாதுக்கா" என்பாள். இன்னொரு நாள், "வெயிட் போட்டுரும்க்கா" என்பாள். பயிற்சி கொடுக்கிற பழைய மிலிட்டரிக்காரர் என்னிடம் புலம்பினார்: அந்தப் பெண் எல்லாருக்கும் முன்னால் பாய்கிறாள், பாதி சுற்றில் எல்லாருக்கும் பின்னால் வந்துவிடுகிறாள். போன தடவை செலக்‌ஷனிலும் இப்படித்தான் ஓட்டத்தில் போய்விட்டதாம். என்னதான் சாப்பிடுகிறாள் என்று விசாரித்தேன். ராத்திரி ரசஞ்சோறு, காலையில் டீ. அன்றிலிருந்து ஓட்டம் முடிந்து வந்ததும் இரண்டு அவித்த முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் அவள் முன்னால் வைத்தேன். முதலில் முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நாளில் தானே கேட்டு வாங்கினாள். கடைசிச் சுற்றிலும் கால் நிற்கிறது என்று மிலிட்டரிக்காரர் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அம்மா பூங்கோதை பஸ் ஏறி வந்து இறங்கினாள். மகளைக் கையைப் பிடித்து என் முன்னால் நிறுத்தி, "பாருங்க, மூஞ்சியப் பாருங்க" என்றாள். கன்னத்தில் இரண்டு பரு. "முட்டை சூடுங்க. வயசுப் பொண்ணுக்கு இப்படிச் சூட்டை ஏத்துனா, நாளைக்கிப் பாக்க வர்றவன் என்ன சொல்லுவான்?" என்றாள். "போலீசாயிட்டா எவன்மா வாயத் தொறப்பான்?" என்றாள் சங்கீதா. அம்மா அசையவில்லை. மகளை ஊருக்கே அழைத்துப் போய்விடுவதாகச் சொன்னாள். செலக்‌ஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கீதா கண்ணில் தண்ணீர் நின்றது. பருவுக்கும் முட்டைக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று வாதாட இது நேரமில்லை என்று எனக்குப் பட்டது. "சூட்டுக்குச் சூடு, குளுமைக்குக் குளுமை. முட்டை சாப்பிட்டா பின்னாலயே ஒரு சொம்பு மோர் குடிக்கட்டும், சரியா?" என்றேன். பூங்கோதை யோசித்தாள். "வெந்தயம் போட்ட மோரு?" என்றாள். "வெந்தயம் போட்டே தர்றேன்." சமாதானம் ஆயிற்று.

திருச்சியில் செலக்‌ஷன் நடந்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ரசத்தில் உப்புப் போட்டேனா என்று கனகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மத்தியானக் கூட்டம் ஓய்கிற நேரத்தில் போன் வந்தது. ஓட்டத்தில் தேறிவிட்டாள் என்று பூங்கோதைதான் சொன்னாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். "பாத்தியா, முட்டை என்ன வேலை செஞ்சுருக்கு!" என்றேன். அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. "முட்டை இல்லக்கா, மோருதான் ஓட வச்சிருக்கு."

அன்றைய கூட்டு

கடைசியாக இதைச் சொல்லிவிடுகிறேன். என் தூக்கத்தைக் கெடுத்த சம்பவம் இது ஒன்றுதான். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும். மாமியார் தனலட்சுமி, மருமகள் நித்யா. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, கோயில் குளம் எல்லாம் ஏறி இறங்கி, நித்யாவுக்குக் குழந்தை தங்கியிருந்தது. ஐந்தாம் மாதம். பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்புகிற வழியில், எங்கள் கடையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நித்யாவுக்கு வாந்தியெல்லாம் நின்று அப்போதுதான் பசி எடுக்க ஆரம்பித்திருந்தது. கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். தனலட்சுமி அதைப் பார்த்துப் பூரித்துப்போய், "என்ன காய்ங்க, சொரக்காயா? இம்புட்டு ருசியா இருக்கு" என்றாள். கனகம் பெருமையாக, "பப்பாளிக்காய்ங்க" என்றாள்.

நித்யா வாயில் வைத்ததை அப்படியே கையில் துப்பினாள். தனலட்சுமி எழுந்து நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "பாவிங்களா, பிள்ளத்தாச்சிக்குப் பப்பாளியப் போட்டிருக்கீங்களே!" கடை ஸ்தம்பித்துவிட்டது. பப்பாளிக்காய் கருவைக் கலைக்கும் என்று எனக்கும் சின்ன வயசிலிருந்து சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். வயிறு தெரிகிற பெண் உட்கார்ந்ததை நான் அடுப்படியிலிருந்து பார்க்கவே இல்லை. வெளியே வந்தபோது நித்யா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் தெரிந்தவர் காரை வரவழைத்தார். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு நானும் ஏறினேன். பெரம்பலூர் போய்ச் சேருகிற வரை தனலட்சுமி வாய் ஓயவில்லை. பாதி சாபம் எனக்கு, பாதி வேண்டுதல் சாமிக்கு. நித்யா பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பிடியைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்: "பச்சையாத் தின்னியா, வெந்ததா?" நன்றாக வெந்த கூட்டு என்றேன். "பால் வடியற பச்சைக் காயைத் திங்க வேணாம்னுதான் நாங்களும் சொல்றோம். வேக வச்ச கூட்டு ரெண்டு கரண்டி தின்னதுக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது. வலியோ, ரத்தமோ பட்டா உடனே வாங்க" என்று சொல்லிக்கொண்டே, நித்யாவின் வயிற்றில் ஒரு கருவியை வைத்தார். அறைக்குள் டுக்கு டுக்கு டுக்கு என்று குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். "கேக்குதா? உன் புள்ள நல்லா இருக்கு" என்றார். நித்யா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தனலட்சுமி மட்டும் நம்பாத முகத்தோடு மருமகளை அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சொன்னது மூளைக்குப் புரிந்தது. நெஞ்சுக்குப் புரியவில்லை. பிரசவம் ஆகிற வரைக்கும் எப்படியிருப்பாளோ என்று ஜெயங்கொண்டம் பஸ் எது போனாலும் எட்டிப் பார்ப்பேன். போன் நம்பர் கேட்டு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. பப்பாளிக்காயைக் கடையில் நிறுத்தினேன். கர்ப்பிணிப் பெண் யார் வந்தாலும் நானே வெளியில் வந்து, என்னென்ன காய் என்று சொல்லிவிட்டுத்தான் பரிமாறச் சொன்னேன். மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் கனகம் உள்ளே ஓடிவந்து, "அக்கா, அவங்க" என்றாள். கரண்டியோடு வெளியே வந்தேன். வாசலில் நித்யா, நன்றாகச் சதை போட்டு, சிரித்துக்கொண்டு நின்றாள். தனலட்சுமியின் தோளில் துணியில் சுற்றிய குழந்தை, தூங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்த கரண்டியைப் பக்கத்து மேசையிலேயே வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். கனகம் மூக்கை உறிஞ்சினாள். தனலட்சுமி நிதானமாக உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்தி, இலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பேரன் நல்லாருக்கான்மா. நீங்க மொதல்ல இன்னிக்கி என்ன கூட்டுன்னு சொல்லுங்க."

மொத்தத்தில், ஆரோக்கியம் என்பது எல்லாரும் ஆசையாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ஒரு பதார்த்தம் என்பதுதான் இந்தக் கடைக்காரியின் தாழ்மையான அபிப்பிராயம்.